வானத்துக்குப் பிடித்த நூல்

கடலூரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். தூக்குக்குண்டு போடாமல், வெறும் கண்ணால் பார்த்தே சுவர் சாய்ந்திருக்கிறதா நிற்கிறதா என்று சொல்லக் கூடிய ஆள் இந்த வட்டாரத்தில் ஒருத்தன்தான். அது நான். ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மண் சுமக்கப் போனவன். சித்தாள் வேலை பார்த்து, கரண்டி பிடித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி கட்டடங்கள் என் கையால் நிற்கின்றன. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபம் நான் போட்டது. நான் சைட்டுக்குள் நுழைந்து சுவரை ஒரு பார்வை பார்த்தால் பூசிக்கொண்டிருக்கிற கை நின்றுவிடும். எல்லாம் இந்தக் கண் சம்பாதித்துக் கொடுத்த மரியாதை.

அந்தக் கண்ணில்தான் கை வைத்துவிட்டான் ஆண்டவன்.

போன காணும் பொங்கலுக்கு நாங்கள் குடும்பத்தோடு சிதம்பரத்தில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. காலேஜ் லேபில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆன பிறகு அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிக்குப் போய் சேட்டிலைட் பார்ப்பான். பார்ப்பது மட்டும் இல்லை, கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திப் படமும் எடுப்பான். அந்தப் படத்தில் கறுப்பு வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். அவ்வளவுதான். அதை வாட்ஸப்பில் போட்டுவிட்டு எல்லாரையும் "எப்டி?" என்று கேட்பான்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம். எங்களை எல்லாம் மாடிக்குக் கூப்பிட்டான்.

"மனுசங்க உள்ள உக்காந்து போற சேட்டிலைட்டு மாமா. இப்ப வரும். கீழ கோபுரத்துக்கு எடப்பக்கம் பாருங்க."

வந்தது. வந்ததாக எல்லாரும் சொன்னார்கள். "அதோ அதோ" என்று என் பெண்டாட்டி கத்தினாள். என்னோடு சைட்டைக் கவனித்துக்கொள்கிற என் மகன் "என்னா வேகம்" என்றான். எதிர் வீட்டு மாடியில் இருந்தவர்கள் கூடக் கையை நீட்டினார்கள். நான் பார்க்கிறேன், பார்க்கிறேன், கோபுரத்து விளக்கைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாரும் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நானும் கையை நீட்டி, "ஜோரா போவுதுடா மச்சான்" என்றேன்.

மகன் என் விரலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். மறுபடி என் விரலைப் பார்த்தான்.

"அப்பா, அது எப்பவோ தாண்டிப் போயி மறஞ்சிடுச்சு."

மச்சான் சிரித்தான். "மாமா வேற சேட்டிலைட்டப் பாக்கறாரு. அவருக்குன்னு தனியா ஒண்ணு விட்டிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இறங்கும்போது கடைசிப் படி எனக்குத் தெரியவில்லை. காலை வைத்தேன், வெறும் காற்று. மகன் பிடித்துக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், புதுச்சத்திரம் தாண்டும்போது சொன்னான்: "அப்பா, இனிமே நீங்க சாரம் ஏற வேணாம். கீழ நின்னு பாத்தா போதும்."

சாரம் என்றால் கட்டடத்தைச் சுற்றி நாங்கள் கட்டுகிற கம்பு, பலகை. அதில் ஏறாதவன் மேஸ்திரி இல்லை, வாட்ச்மேன். எனக்கு வந்த கோபத்தில் காரை விட்டு இறங்கி நடக்கலாமா என்று இருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியலங்கிறியா?"

"நான் அப்டி சொல்லலியே."

"அதே சேட்டிலைட்ட என் வீட்டு மாடியில நின்னு நானே படம் புடிச்சுக் காட்டறேன். காட்டினா நீ வாயத் தொறக்கக் கூடாது. காட்டலைன்னா நான் சாரத்துல கால வைக்கல. போதுமா?"

"என்னாங்க, விடுங்க" என்றாள் பெண்டாட்டி. யாரும் விடவில்லை. வார்த்தை விழுந்துவிட்டது.

அந்த வாரமே டைல்ஸ் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கண்ணாஸ்பத்திரியில் ஒரு மிஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னும். மின்னினால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும்.

எனக்கு ஒன்றும் மின்னவில்லை. ஆனால் மிஷின் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. சரி, சத்தம் வந்தால் வெளிச்சம் வந்திருக்கும் என்று சத்தத்துக்குத் தகுந்த மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற பொண்ணு, "ஐயா, இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அமுத்தறீங்க" என்றது. என்னைப் போய் அந்தப் பொண்ணு பிட் அடித்த பையனைப் பிடித்த டீச்சர் மாதிரி பார்த்தது.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஜாஸ்தி ஆகி, ஓரத்திலிருந்து பார்வை கருகிக்கொண்டே உள்ளே வருகிறதாம். நடுவில் மட்டும் மிச்சம் இருக்கிறதாம். எனக்குப் புரிகிற மாதிரி நானே சொல்லிக்கொண்டேன்: நாலு இஞ்ச் பைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறேன், அந்தப் பைப் மூன்று இஞ்ச் ஆகும், ரெண்டு ஆகும்.

"போனத திருப்பிக் கொண்டார முடியாதுங்கய்யா. மருந்து விட்டா இருக்கறத காப்பாத்தலாம்."

"ஆபரேஷன் பண்ணா? எவ்ளோ ஆனாலும் பரவால்லம்மா."

"அதுவும் இருக்கறத காப்பாத்தத்தான்."

சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்து, என் சாமான் பைக்குள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சாரம் போய்விடும். சாரம் போனால் சைட் போய்விடும். அப்புறம் நான் யார்? காலையில் பேப்பர் படிக்கிற ஆளா? படிக்கவும்தான் தெரியாதே சரியாக.

இப்போது ஒரே வழி அந்தப் படம்தான் என்று மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, கேமராவுக்குத் தெரியுமே.

வாங்கினால் பெரிதாக வாங்குவது என் பழக்கம். பிச்சாவரத்தில் பறவைப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, முழங்கை நீளத்துக்கு லென்ஸ், அந்த மாதிரி செகண்ட் ஹாண்டில் ஒன்று பிடித்தேன். ஸ்டூடியோக்காரன் எந்தப் பட்டனை அமுக்கினால் லென்ஸின் கதவு ரொம்ப நேரம் திறந்தே இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தான். திறந்திருக்கிற நேரத்தில் சேட்டிலைட் நகர்வதால்தான் கோடாக விழுகிறதாம். மற்றது என் தொழில். மொட்டை மாடியில் அடுத்த மாடிக்காக விட்டு வைத்த தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன இல்லையா, கம்பிக்குக் கம்பி நூல் கட்டினேன். வீட்டின் கைப்பிடிச் சுவரை வைத்து வடக்கு, மேற்கு பிரித்து, நடுவில் வடமேற்குக்கு ஒரு நூல். வானத்துக்கே நூல் பிடித்துவிட்டேன். ஸ்டாண்டுக்கு ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தேன். உலகத்தில் எவனும் இவ்வளவு சுத்தமாக கேமரா நிறுத்தியிருக்க மாட்டான்.

சேட்டிலைட் வருகிற நாளில் மச்சான் காலையிலேயே வாய்ஸ் மெசேஜ் போடுவான். "மாமா, இன்னைக்கு சாயந்தரம் உண்டு. வடமேற்குல கௌம்பும், பாதி வானம் ஏறும்."

முதல் படம் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததில் ஒரு கோடு! பெரிதாக்கிப் பார்த்தால் நான் கட்டின நூல். சிப்காட் விளக்கு வெளிச்சம் பட்டு மின்னியிருக்கிறது.

பெண்டாட்டி மாடிக்கு வந்து ஒரு சாயங்காலம் நூலைப் பார்த்தாள். மறுநாள் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் வடமேற்கு முழுக்க அவள் புடவை தொங்குகிறது.

"ஏய், இது சேட்டிலைட்டுக்குக் கட்டினது!"

"கொடி கட்டிக் குடுங்கன்னு எத்தினி வருசமா கேக்கறேன். இப்பத்தான் கட்டினீங்கன்னு நெனச்சேன்."

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவள் இறங்கிப் போன பிறகு அந்தப் புடவைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை. மாசி மாதம் முழுக்க அப்படித்தான் போனது. ஒவ்வொரு சாயங்காலமும் வானம் நீலத்திலிருந்து கறுக்கும்போது கம்பிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். கேமராவில் விழவில்லை என்றால் என் கண்ணிலும் விழாது, ரெண்டும் சேர்ந்து போய்விட்டது என்று தோன்றும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பிகளைப் பார்ப்பேன். இன்னொரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன். நேற்றுத் தெரிந்த கம்பி இன்றைக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அரை மணி நேரம் சந்தோஷம். ஒரே ஒரு கோடு போட்டுக் கொடு சாமி, அப்புறம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டே கேட்டேன்.

மச்சானிடம் மட்டும் வீராப்பாகத்தான் பேசுவேன். ஒரு நாள் போனில் கேட்டான்:

"மாமா, தெசைய எத வச்சுப் பாக்கறீங்க?"

"என் வீட்ட வச்சு."

"போன்ல காம்பஸ் இருக்குமே?"

"வச்சுப் பாத்தேன். தப்பாக் காட்டுது. மாடி பூராவும் கம்பி, இரும்பு அதை இழுக்குது."

"கம்பி கிட்ட வச்சா அப்டித்தான் ஆவும். ஆனா மாமா, எங்க ஊர்ல நாலு கோபுரம் இருக்கு. தெச தப்பாது. ஒங்க வீடு..."

"டேய், ஒங்க கோபுரத்த விட என் வீடு நேரு. வருசா வருசம் வாசல்ல பொங்கல் வைக்கும்போது சூரியன் என் நெலக்கதவுக்கு நேரா வந்து நிக்கும். வந்து பாரு."

பங்குனி பிறந்ததும் அவனே வந்துவிட்டான், தன் கேமராவோடு. மாடிக்கு வந்து நூலைப் பார்த்தான், சூரியன் இறங்குகிற இடத்தைப் பார்த்தான், கைப்பிடிச் சுவரைப் பார்த்தான். மேற்குச் சுவருக்கு நேராகச் சூரியன் இறங்கவில்லை. இடது பக்கம் தள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் கையை நீட்டி, விரலை விரித்து, சுவரின் கோட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் வைத்தான். ஒரு சாண்.

"மாமா, இந்த வீட்டுக்கு எப்ப கடக்கால் போட்டீங்க?"

"தை மாசம். சுத்தி ஒரு வீடு கெடையாது, ரோடு கெடையாது, வெறும் பொட்டல். சூரியன் மொகத்தப் பாத்து வாசல் வைன்னு ஐயர் சொன்னாரு. பூச அன்னிக்கு சூரியன் எழுந்த எடத்துக்கே நூல் புடிச்சேன். ஒரு நூல் எளை பெசகல."

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நூல் பெசகல மாமா. சூரியன்தான் தையில தெக்க ஒதுங்கி எழும். சித்திரைக்கு முன்னாடி இந்தப் பங்குனியிலதான் நேர் கெழக்கு. ஒங்க வீடே ஒரு சாண் திரும்பி ஒக்காந்திருக்கு."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தை மாதம் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் போடாத மேஸ்திரி உண்டா? ரோடு இல்லாத பொட்டலில் எத்தனை வீட்டுக்கு இதே மாதிரி விடியலில் நின்று நூல் பிடித்திருக்கிறேன்!

காபி கொண்டு வந்த பெண்டாட்டி கேட்டுக்கொண்டே நின்றாள். "அப்ப இத்தினி வருசமா ஈசானிய மூலைன்னு நான் வெளக்கு ஏத்தினது?"

"அதுவும் ஒரு சாண் தள்ளித்தான்க்கா" என்றான் மச்சான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, உள்ளுக்குள் எனக்குத் திடீரென்று சந்தோஷம் கொப்பளித்தது. தப்பு வீட்டில்தானே? நான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படித் தெரியும்? அன்றைக்குச் சிதம்பரத்தில் தெரியாமல் போனதற்குக் கூட ஏதாவது காரணம் இருக்கும். டாக்டரம்மா, மிஷின், எல்லாம் சும்மா. எழுந்து நின்று, "நூலை மாத்திக் கட்றா மச்சான்" என்றேன். என் நீள லென்ஸையும் கழற்றச் சொன்னான். "இது வானத்துல ஒரு தம்மாத்துண்டு எடத்தத்தான் மாமா பாக்கும். வந்தது ஓரமாப் போயிருக்கும், இதுக்குத் தெரிஞ்சிருக்காது." அதற்குப் பதில் அவன் வைத்திருந்த குட்டை லென்ஸ். அவன் சொன்னது லென்ஸைத்தான். எனக்கு என்னைச் சொன்ன மாதிரி சுருக்கென்றது.

இருட்ட ஆரம்பித்தது. பட்டனை நான்தான் அமுக்கினேன்.

"வந்துடுச்சு மாமா! அதோ, புளியமரத்துக்கு மேல!"

பார்த்தேன்.

"மேல ஏறுது. பாருங்க, பளிச்சுன்னு இருக்கு."

பார்த்தேன். சரியான திசை, சரியான நேரம், மேகம் இல்லாத வானம். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் கை போகிற பக்கமெல்லாம் என் தலையைத் திருப்பினேன். நான் திரும்புவதற்குள் அது வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பைப்புக்குள் மாட்டவே மாட்டேன் என்கிறது.

"இருட்டுல எதையும் நேரா பாக்காதீங்க மாமா. கொஞ்சம் ஓரமா பாத்தா நல்லாத் தெரியும்."

ஓரம். எனக்கு ஓரம் ஏது? இல்லாத ஓரத்தால் எப்படிப் பார்ப்பேன்?

மச்சான் வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. கேமரா கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"விழுந்திருக்கு மாமா" என்றான், ரொம்ப மெதுவாக.

கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தேன். முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டதால் நன்றாகத் தெரிந்தது. புளியமரத்து உச்சியிலிருந்து கிளம்பி, மேலே வளைந்து போகிறது, வெள்ளைக் கோடு. பிசிறு கிடையாது. சுண்ணாம்பில் நனைத்து அடித்த நூல் மாதிரி அவ்வளவு சுத்தம். நான் முதன்முதலில் பார்த்த சேட்டிலைட் அதுதான். அப்போது அது வானத்தில் இல்லை.

இறங்கும்போது மச்சான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "படி மாமா. இன்னும் ஒண்ணு." யாரிடமும் எதுவும் சொல்லவில்லை அவன். வாட்ஸப்பில் மட்டும் படத்தைப் போட்டு, 'மாமா எடுத்த முதல் சேட்டிலைட்' என்று எழுதினான். கைதட்டல், பூங்கொத்து, எல்லாம் வந்து விழுந்தன.

மகன் நேரில் வந்து கையைக் கொடுத்தான். "தோத்துட்டேம்ப்பா. நாளைக்கு சைட்டுக்கு வாங்க. ரெண்டாவது மாடி செவுரு எழும்பிடுச்சு, ஏறிப் பாருங்க."

மறுநாள் போனேன். அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன், என் வண்டி சர்வீஸில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு. சாரத்தில் ஏறுவதற்கு முன் நாங்கள் செருப்பைக் கீழே கழற்றிப் போடுவோம். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். வெறுங்காலுக்குத்தான் பலகை பிடிபடும். ஆட்கள் எல்லாரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கம்பில் கையை வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். கம்பு தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பலகை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றவில்லை.

"ஏறலியாப்பா?"

"எதுக்கு ஏறணும்? இங்கேர்ந்தே தெரியுதே" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அந்தத் தெக்கு மூலை செவுரு சாஞ்சிருக்கு. எவன்டா கட்டினது?"

கொத்தனார் சுவரின் தலையில் கட்டையை வைத்துத் தூக்குக்குண்டைக் கீழே வரைக்கும் இறக்கினார். குண்டு ஆடி ஆடி நின்றது. கொத்தனார் என் மகனைப் பார்த்தார். மகன் குண்டைப் பார்த்தான்.

"ஆமாப்பா" என்றான். "கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கு. சரி பண்ணிடறோம்."

நான் கிட்டே போனேன். குண்டு தொங்கிய இடம் கைக்கு எட்டியது. சுவருக்கும் குண்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். நகம் கூட நுழையவில்லை. குண்டு சுவரை உரசினாற்போல், ஒட்டாமல், முட்டாமல் நின்றது. சுவர் துளியும் சாயாமல் இருந்தால்தான் குண்டு அப்படி நிற்கும். அந்த மாதிரி ஒரு சுவரை நானே கட்டியிருக்க முடியாது.

என் மகன் எனக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

"சரி பண்ணிடுங்க" என்றேன். சொல்லிவிட்டு வண்டியிடம் நடந்து போய், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாராவது வந்து ஓட்டட்டும் என்று.